ஐந்தாவது பதில்

நான்கு இயந்திரங்களிடம் கேட்ட கேள்விக்கு ஐந்து பதில்கள் வந்திருந்தன.

அவள் அதை உடனே கவனிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில் இரண்டாவது வாய் எடுத்துவைத்த நேரத்தில் மேலாளர் போன் செய்து கூப்பிட்ட ஆத்திரம் இன்னும் நெஞ்சுக்குள் கொதித்துக்கொண்டிருந்தது. கணவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது ஓர் ஆத்திரம். நீச்சலுக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்ததால் காலையிலிருந்தே பையை மாட்டிக்கொண்டு திரிந்த மகள், அந்தப் பையைக் கழற்றிச் சுவரோரம் விட்டெறிந்தது இன்னொன்று. அலுவலக வாசலில் காவலாளி சாவிக்கொத்தில் இருந்த அத்தனை சாவியையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துவிட்டு, "லீவு நாள்ல கூடவா மேடம்?" என்று கேட்டது கடைசி. மூன்றாவது மாடிக்கு ஏறி வந்து, எல்லா நாற்காலிகளும் மேசைக்குள் தள்ளிவிடப்பட்டு வெறிச்சோடிக் கிடந்த கூடத்தில் தன் இடத்தில் பையைப் போட்ட வேகத்தில் பேனா டப்பா கவிழ்ந்தது. அதை எடுத்துவைக்கக்கூட அவளுக்கு மனமில்லை.

அவர்கள் செய்வது ஒரே ஒரு மென்பொருள்தான். மருத்துவமனையில் நோயாளியின் கைக்குச் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றும் பம்பு நின்றுவிட்டாலோ, நோயாளி படுக்கையோரப் பொத்தானை அழுத்தினாலோ, செவிலியர் மேசையில் இருக்கும் கணினி அலற வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் ஒவ்வொரு மருத்துவமனையும் ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொரு ரகக் கணினியை வாங்கித் தொலைத்திருந்தது. எல்லாம் யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் வம்சம். ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத வம்சம். ஆகவே ஒரே நிரலை நான்கு இயந்திரங்களில் தனித்தனியாக, அதது ஓட்டக்கூடிய வடிவில் கட்டி எடுக்க, அதாவது பில்டு செய்தாக வேண்டும்.

அந்த நான்குக்கும் அவள்தான் பெயர் வைத்திருந்தாள். லினக்ஸ் ஓடுவது மூத்தவன், சொன்னதைக் கேட்பான். பி.எஸ்.டி. ஓடுவது சின்னவன், அண்ணன் செய்வதை எல்லாம் நானும் செய்வேன் என்பான், ஆனால் வேறு மாதிரிதான் செய்வான். விலை உயர்ந்த வெள்ளிநிற இயந்திரம் மாப்பிள்ளை. கோப்புப் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்துக்கும் சின்ன எழுத்துக்கும் வித்தியாசம் பார்க்காத பெருந்தன்மை, மற்றபடி எல்லாவற்றிலும் முறுக்கு. இருபது வருடத்துப் பழைய யூனிக்ஸ் பெட்டி மாமனார். மற்றவர்கள் வீட்டிலேயே வைத்திருக்கும் துணைநிரல் நூலகத்தைக்கூட அவருக்கு மட்டும் தனியாகப் பெயர் சொல்லி எடுத்துக் கொடுக்க வேண்டும். எதைக் கொடுத்தாலும் ஒரு குற்றம் கண்டுபிடிப்பார்.

நாளைக் காலை பத்து மணிக்கு விசாரணைக் குழு வருகிறது. அவர்கள் கண்ணெதிரே நான்கு இயந்திரங்களிலும் ஒரு பிழைகூட இல்லாமல் பில்டு செய்து காட்ட வேண்டும். நேற்று மாலை யாரோ எதையோ மாற்றியதில் நான்கும் படுத்துவிட்டன.

விசாரணை எதற்கு என்பதை அவள் நினைக்காமல் இருக்கப் பழகியிருந்தாள். மூன்று மாதத்துக்கு முன் ஒரு மருத்துவமனையில், சாதாரண அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்த ஒரு பள்ளி ஆசிரியை இறந்துபோனார். முப்பத்திரண்டு வயது. மதியம் மூன்று மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு மருந்து நின்றுபோயிருக்கிறது. பத்தொன்பது நிமிடம் யாரும் வந்து பார்க்கவில்லை. அலாரம் அடிக்கவே இல்லை என்று சொன்ன செவிலியை வேலையை விட்டு நீக்கினார்கள். அந்தப் பெண் ஒரு வாரம் இந்த அலுவலக வாசலில் வந்து நின்றாள். "எங்க சாப்ட்வேர் சரியாத்தான் இருக்கு" என்று அவளிடம் சொல்லி அனுப்பியவர்களில் இவளும் ஒருத்தி. சொல்லும்போது கோபமாகத்தான் சொன்னாள். தூங்கிவிட்டு நம்மேல் பழி போடுகிறாளே என்ற கோபம்.

பில்டு ஆகிறதா என்று கேட்டதற்குத் திரையில் சிவப்பாக வரிசை கட்டி நின்ற பதில்களை இப்போதுதான் ஒழுங்காகப் படித்தாள்.

மூத்தவன், தோல்வி. சின்னவன், தோல்வி. மாப்பிள்ளை, தோல்வி. மாமனார், தோல்வி.

அதற்குக் கீழே பச்சையில் ஒரு வரி. வார்டு 7: சரி.

"இது யாருடா நடுவுல?" என்றாள் வாய்விட்டு.

பட்டியலைத் திறந்து பார்த்தாள். நான்கு பெயர்கள்தான் இருந்தன. வார்டு 7 என்ற முகவரியைக் கூப்பிட்டுப் பார்த்தாள். அப்படி ஒரு இயந்திரம் இந்த வலைப்பின்னலில் இல்லை என்று பதில் வந்தது. எரிச்சல் தலைக்கேறியது. இது அந்த ஒல்லியின் வேலையாகத்தான் இருக்கும். நான்கு மாதம் முன்பு வரை பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்து, அரைகுறையாகப் போட்டதை எல்லாம் அப்படியே விட்டுவிட்டு வேறு கம்பெனிக்குப் போனவன். போகிறபோது இப்படி ஏதாவது விளையாட்டு வைத்துவிட்டுப் போயிருப்பான்.

இருக்கட்டும். முதலில் வேலை.

மூத்தவனுக்கு, நிரலின் தலையில் சேர்க்கிற ஹெட்டர் கோப்பு ஒன்றின் பெயர் மாறியிருந்தது. திருத்தினாள், பச்சை. அதே திருத்தம் சின்னவனுக்கு ஆகவில்லை. அவனிடம் அந்த ஹெட்டர் வேறொரு இடத்தில் இருந்தது. அவனுக்கென்று ஒரு நிபந்தனை எழுதினாள். எழுதியதும் மாப்பிள்ளை கோபித்துக்கொண்டார். ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் இருப்பதாகப் புகார். இரண்டும் வேறு வேறு கோப்புகள்தான், முதல் எழுத்து மட்டும் பெரியது சின்னது. ஒன்றின் பெயரை மாற்றினாள். மாற்றியதும் மூத்தவன் மறுபடி விழுந்தான். விசைப்பலகையை ஓங்கித் தட்டினாள். ஒரு பக்கம் இழுத்துப் போர்த்தினால் இன்னொரு பக்கம் கால் வெளியே தெரிகிற போர்வை. இந்த வேலையில் பதினாறு வருடம்.

ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் ஐந்தாவது வரி பச்சையாக வந்தது. மற்றவை முடிவதற்கு முன்பே வந்தது. மூன்றாவது தடவை, மற்றவை தொடங்குவதற்கு முன்பே வந்தது.

வார்டு 7: சரி.

மூடிய சன்னல் திரைகளின் இடுக்கு வழியே மதிய வெயில் தரையில் கோடுகோடாக விழுந்திருந்தது. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் இருந்த சர்வர் அறையிலிருந்து விசிறிகளின் ஒரே சீரான உறுமல் வந்துகொண்டிருந்தது. பழகிப்போய்க் காதுக்கே கேட்காத அந்த உறுமலின் அடியில் இன்று வேறு ஏதோ ஒரு சின்னச் சத்தம், ரப்பர் பொத்தானை அமுக்கி விட்டால் வருமே அந்த மாதிரி, அமுங்கிய, ஈரமான ஒரு 'டப்' விட்டு விட்டுக் கேட்டது. தலையைத் தூக்கினால் நின்றுவிடும். குனிந்து தட்டத் தொடங்கினால் மறுபடி. எங்கிருந்தோ ஸ்பிரிட் வாசனையும் வந்தது. ஊசி போடுவதற்கு முன்னால் பஞ்சில் நனைத்துத் தேய்ப்பார்களே, அந்த வாசனை. துப்புரவுக்காரர்கள் எதையாவது கொட்டியிருப்பார்கள் என்று திட்டிக்கொண்டாள்.

ஒல்லிக்கு போன் போட்டாள்.

"என்னக்கா, ஞாயித்துக்கெழமை?"

"வெளையாடுறியாடா? பில்டு லிஸ்ட்ல என்னத்த சேத்து வச்சிருக்க? வார்டு ஏழுன்னு ஒண்ணு வந்து நிக்குது."

மறுமுனையில் அவன் எழுந்து போய் ஒரு கதவைச் சாத்தினான்.

"அக்கா, நான் எதையும் சேக்கலை. வார்டு ஏழுங்கறது அந்த ஆஸ்பத்திரி மெஷினோட பேரு. அந்த டீச்சர் செத்துப்போனாங்களே, அங்க இருந்தது. நம்ம மாமனார் மாதிரியே பழைய பெட்டி. அதைத்தான் கழட்டி சீல் வச்சு போலீஸ் எடுத்துட்டுப் போயிட்டாங்களாமே. டிஸ்க்கையே தனியா உருவிட்டாங்கன்னு கேள்விப்பட்டேன்."

"பின்ன இங்க யாரு பதில் சொல்றா? எங்க தாத்தாவா?"

"எனக்கென்னக்கா தெரியும்? கெளம்பி வீட்டுக்குப் போங்க. நாளைக்குப் பாத்துக்கலாம்."

"நாளைக்குப் பாக்க நான் என்ன உன்னை மாதிரியா?" என்று வைத்துவிட்டாள்.

அடுத்த கட்டளையை இரண்டு முறை தப்பாகத் தட்டினாள். கோபத்தில்தான் தப்புகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டரை மணிக்கு மூன்று பேர் பச்சையானார்கள். மாமனார் மட்டும் வழக்கம்போல் பாக்கி. அவருடைய புகாரைப் படித்தாள். அலாரம் அடிக்கிற கோப்பில், யாரும் பயன்படுத்தாத ஒரு வரி இருப்பதாகச் சொன்னார். அந்தக் கோப்பை அவள் வெகுநாளாகத் திறந்ததில்லை. திறந்தாள்.

நான்கு இயந்திரங்களுக்கும் நான்கு பகுதிகள். மூன்றில் ஒலியை எழுப்பும் கட்டளைகள் வரிசையாக இருந்தன. மாமனார் ரக இயந்திரத்துக்கான பகுதியில் ஒன்றுமே இல்லை. ஒலி நூலகம் கிடைக்கவில்லை என்று பில்டு அழுதிருக்கிறது; அதன் வாயை அடைக்க யாரோ அந்தப் பகுதியையே காலி செய்து வைத்திருக்கிறார்கள். பம்பு நின்றாலும், பொத்தானை அழுத்தினாலும், அந்த ரக இயந்திரம் செய்வது ஒன்றே ஒன்றுதான். 'சரி' என்று திருப்பிச் சொல்லும். மேலே ஒரு குறிப்பு இருந்தது: தற்காலிகம், பிறகு பார்க்கலாம்.

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அப்படியானால் அலாரம் அடித்திருக்கவே முடியாது. அந்தச் செவிலி சொன்னது முழுக்க உண்மை.

"எந்த நாசமாப் போனவன்டா இது?" என்று கத்தினாள். காலிக் கூடம் அதைத் திருப்பிச் சொன்னது. யார் எழுதினது என்று, ஒவ்வொரு மாற்றத்தையும் பெயரோடும் தேதியோடும் சேர்த்து வைத்திருக்கும் வரலாற்றில் தேடினாள். ஒல்லியின் பெயர் வரும், இப்பவே போன் போட்டுக் கிழிகிழியென்று கிழிக்கலாம் என்று வரிசையாக வசவுகள் நாக்கு நுனியில் காத்திருந்தன.

வந்தது அவளுடைய பெயர்.

இரண்டு வருடத்துக்கு முந்தைய ஒரு வெள்ளிக்கிழமை, மாலை ஆறு மணி பத்து நிமிடம். மகளின் பிறந்தநாள். கேக் கடை ஏழு மணிக்கு மூடிவிடும். மேலாளர் பின்னால் நின்றுகொண்டு, "எதையாவது பண்ணி பாஸ் ஆக்கிட்டுக் கெளம்பும்மா" என்றார். அவள் எதையோ பண்ணினாள். கிளம்பினாள். கேக் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனது நினைவிருந்தது. இந்த வரியை எழுதினது நினைவில்லை.

கவிழ்ந்து கிடந்த பேனாக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி டப்பாவில் போட்டாள். பிறகு மேலாளரைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"யார் எழுதினதுன்னு பாத்தியா?"

"நான்தான் சார்."

மறுமுனையில் டிவி சத்தம் குறைந்தது.

"வேற யாருக்காவது தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப அலாரத்தைச் சரியா எழுதிப் போட்டுட்டு, பழைய வரலாற அழிச்சிடு. முதல்ல இருந்தே அப்படித்தான் இருந்துச்சுன்னு இருக்கட்டும்."

"அந்த நர்ஸுக்கு வேலை போச்சு சார். கேஸ் வேற நடக்குது."

"அந்தம்மா மேல கேஸ் நிக்காது. நம்ம மேல நிக்கும். நம்ம மேலன்னா யாரு மேல? உன் மேல. உனக்கும் ஒரு பொண்ணு இருக்கால்ல?"

"எழுதச் சொன்னது நீங்கதானே சார்!"

"நானா? நான் எங்க எழுதச் சொன்னேன்? பாஸ் ஆக்கச் சொன்னேன்."

போனைச் சுவரில் அடித்து உடைக்க வேண்டும்போல் இருந்தது. அவரை, ஒல்லியை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்ட கணவனை, வாசலில் வந்து நின்று தொலைத்த அந்தச் செவிலியை, செத்துத் தொலைத்த அந்த ஆசிரியையைக்கூட. எல்லாரையும் ஒரு பாட்டம் மனத்துக்குள் திட்டித் தீர்த்தாள். திட்டத் திட்டக் கை தானாக வேலையில் இறங்கியது. ஒலி நூலகத்தை மாமனாருக்குப் பெயர் சொல்லி எடுத்துக் கொடுத்தாள். காலிப் பகுதியில் அலாரத்தை எழுதினாள். இருபது நிமிடம் பிடித்தது. அன்றைக்கும் இருபது நிமிடம்தான் பிடித்திருக்கும்.

வரலாற்றை அழிப்பது அதைவிடச் சுலபம். நான்கு கட்டளைகள். பழைய தேதியில் புதிய வரிகள் போய் உட்கார்ந்துகொண்டன. காலிப் பகுதி என்று ஒன்று இந்த உலகத்தில் என்றுமே இருந்ததில்லை.

பில்டை ஓட்டினாள். மூத்தவன், சரி. சின்னவன், சரி. மாப்பிள்ளை, சரி. மாமனார், சரி.

ஐந்தாவது வரி வரவில்லை.

ஒரு பெருமூச்சு விட்டாள். பையை எடுக்கக் குனிந்தாள். நிமிர்ந்தபோது அது வந்திருந்தது. பச்சையாக இல்லை, எந்த நிறமும் இல்லை. அதன் பதிவேடு தானாகத் திறந்துகொண்டது.

3:12. பம்பு நின்றது. சரி.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று மணி பன்னிரண்டு நிமிடம்.

3:12. பொத்தான் அழுத்தப்பட்டது. சரி.

டப்.

சத்தம் கண்ணாடிக் கதவுக்குப் பின்னாலிருந்து வந்தது. சர்வர் அறையிலிருந்து. இந்த முறை அவள் தலையைத் தூக்கியும் நிற்கவில்லை.

3:13. பொத்தான் அழுத்தப்பட்டது. சரி.

டப். டப்.

தன் கணினியின் மின்கம்பியைப் பிடுங்கினாள். திரை அணைந்தது. அணைந்த கறுப்பில் எழுத்துகள் மட்டும் அணையவில்லை. ஒன்றன்கீழ் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. பொத்தான் அழுத்தப்பட்டது. சரி. பொத்தான் அழுத்தப்பட்டது. சரி. முதலில் நிமிடத்துக்கு ஒன்று. பிறகு நொடிக்கு ஒன்று. யாரோ பதறுகிறார்கள். யாரோ முழு பலத்தோடு அழுத்துகிறார்கள். பிறகு அந்த பலம் குறைகிறது. இடைவெளி நீள்கிறது.

விசிறிகளின் உறுமல் நின்றது.

அதுவரை கேட்காதிருந்தது கேட்டது. மூச்சு. ஈரத் துணி வழியாக இழுக்கிற மாதிரி. உள்ளே போகிறது. வெளியே வரவில்லை. மறுபடி உள்ளே போகிறது.

கதவு திறந்த சத்தம் கேட்கவில்லை. ஆனால் குளிர் வந்தது. சர்வர் அறையின் குளிர் தரையோடு தவழ்ந்து வந்து கணுக்காலைத் தொட்டது. ஸ்பிரிட் வாசனையும் கூடவே வந்தது.

ஓடினாள். நாற்காலி இடறியது. முழங்காலில் அடி. எழுந்தாள். மாடிப்படி. இரண்டு இரண்டு படியாக. பின்னால் சக்கரம் உருளும் சத்தம். மருந்து பாட்டிலைத் தொங்கவிடும் கம்பியின் சக்கரம். படியில் அது எப்படி உருளும்? உருண்டது. ஒவ்வொரு படியாக. நிதானமாக. அவசரமே இல்லாமல்.

இரண்டாவது மாடி. முதல் மாடி. கடைசித் திருப்பம்.

கீழே கூடம் வெயிலில் பளிச்சென்று இருந்தது. வாசல் கதவு திறந்து கிடந்தது. பத்தடி தூரத்தில் காவலாளி மேசையில் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் போனது. இரண்டு பேர் சிரித்துப் பேசிக்கொண்டு நடந்தார்கள். பட்டப்பகல்.

கடைசிப் படியில் ஒரு கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

இறுக்கமான பிடி இல்லை. பலமில்லாத பிடி. ஆனால் அவளால் ஓரடி எடுத்துவைக்க முடியவில்லை. திரும்பிப் பார்க்கவும் முடியவில்லை. குனிந்து கையை மட்டும் பார்த்தாள். மெலிந்த விரல்கள். நகங்கள் நீலம். புறங்கையில் ஊசியும் அதைப் பிடித்திருந்த வெள்ளை பிளாஸ்திரியும். பிளாஸ்திரியின் ஓரம் பிரிந்து தொங்கியது.

கத்தினாள். வயிற்றிலிருந்து, கழுத்து நரம்பு புடைக்க, உயிரைத் திரட்டிக் கத்தினாள்.

"சரி" என்றது அவள் வாய்.

மெல்லிய, இனிமையான குரல். காவலாளி திரும்பிப் பார்த்தார். அவளை நேராகப் பார்த்தார். அவள் கையைப் பார்த்தார்.

"வேலை முடிஞ்சிதா மேடம்? எல்லாம் சரிதானே?"

காப்பாத்துங்க என்றாள். ஐயோ என்றாள். மகளின் பெயரைச் சொன்னாள்.

"சரி. சரி. சரி."

அவர் தலையாட்டிச் சிரித்தார். திரும்பிக்கொண்டார். செய்தித்தாளின் அடுத்த பக்கத்தைப் புரட்டி, மடிப்பை உள்ளங்கையால் நீவிவிட்டார்.

மணிக்கட்டில் இருந்த விரல்கள் மெல்ல இறங்கி அவள் உள்ளங்கைக்குள் நுழைந்தன. சில்லிட்ட கட்டைவிரல் ஒன்று அங்கே எதையோ தடவித் தேடியது. நடுவில் ஓர் இடத்தைக் கண்டுபிடித்து அழுத்தியது.

"சரி" என்றாள்.

மறுபடி அழுத்தியது.